போர்ச் சரித்திர நூல்களும் நாஞ்சில் நாட்டாரும்

நம் சங்கத்து வாசகசாலைக்கு இவ்வாண்டு புதிய புஸ்தகங்கள் வாங்கக் கருதிய அன்பர் சிலர் எம்பால் ஒரு வினாவை எழுதி விடுத்தனர். "குளச்சல் யுத்தத்தில் நம் முன்னோர் ஆற்றிய வீரச் செயல்களை விரித்துரைக்கும் நூல் யாது? அதனையே முதற்கண் வாங்குவோம்" என்பது அவ்வினாவின் சாரம். இதற்கு ஓரிரண்டு வரியில் விடை எழுதிவிடுதல் எளிது. ஆயினும் அங்ஙனம் எழுதுதல் தகாதெனக் கருதி இவ்வியாசத்தை வரையலாயினோம். தான் வேண்டியதொன்றை மனத்திற் கொண்டே சரித்திர நூலைத் திறப்பவன், அஃது அதிற் காணப்படாதொழியின் நூலைப் பழிப்பான். காணப்படின் ஏனைப் பக்கங்களைப் புரட்டான். இக்குற்றம் எம்மிடத்தும் உண்டு. ஆதலின் எம் பிழையையே முதலில் ஒப்புக்கொள்கின்றோம்.

பல ஆண்டுகட்கு முன்னர் நம் சங்கத்து ஆண்டு விழாவிற் பேசுங்கால், குளச்சலில் நம்மவர் கையிற் சிறைப்பட்ட டிலனாய் என்பாரை டச்சுக் கப்பற்படையின் 'அட்மிரல்' என்று யாம் முழங்கினோம். கைதட்டலும் மிகுதியாகக் கிடைத்தது. கூட்டம் கலைந்த பின்னர் முதிய ஆசிரியர் ஒருவர் எம்மை அணுகி, "தம்பி, அட்மிரல் என்று எந்தப் புஸ்தகத்திற் கண்டீர்?" என்று மெல்ல வினவினார். யாம் எந்தப் புஸ்தகத்திலும் கண்டிலோம். எமக்கு முன் பேசியவர் ஒருவர் வாய்க் கேட்டதையே சொன்னோம். அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. போர்ச் சரித்திரங்களை ஒழுங்காக வாசிக்கத் தொடங்கியது அதன் பின்னரேயாம்.

டிலனாய் அட்மிரல் அல்லர். 1715-ஆம் ஆண்டு அரா என்னும் ஊரிற் பிறந்து, டச்சுக் கம்பெனியின் ஊழியத்திற் சேர்ந்து, 1741-இல் குளச்சலிற் பிடிபட்டவர். அவர்தம் பெருமை முழுதும் பிடிபட்ட பின்னரே தொடங்கியது. மார்த்தாண்டவர்ம மகாராஜாவின் சேவையில் அமர்ந்து, திருவிதாங்கூர்ச் சேனையை ஐரோப்பிய முறையிற் பயிற்றி, உதயகிரிக் கோட்டையைத் திருத்திக் கட்டுவித்து, அங்கே பீரங்கி வார்க்கும் சாலையும் நடைபெறச் செய்து, 'வலிய கப்பித்தான்' எனக் குடிகளால் அழைக்கப்பட்டு, 1777-இல் உயிர் நீத்தார். உதயகிரிக் கோட்டையினுள் அவர் கல்லறைமேல் இலத்தீன் மொழியிலும் தமிழிலும் எழுத்துப் பொறித்திருத்தலை இன்றும் காணலாம். தோற்ற படையின் சிப்பாய் ஒருவன் வென்ற நாட்டின் படைத்தலைவனான இச்செய்தி, அட்மிரல் ஒருவரைச் சிறைப்பிடித்தோம் என்னும் பொய்யினும் எத்துணையோ மடங்கு சுவையுடைத்து. பொய்யை நம்பியிருந்த காலமெல்லாம் இச்சுவையை யாம் அறிந்திலோம்.

நிற்க. இனி நூல்களைப் பற்றிப் பேசுவோம்.

நம் நாட்டுப் போர்களை அறிய விரும்புவோர் முதற்கண் பெறற்பாலன மூன்று: சங்குண்ணி மேனவன் 1878-இல் வெளியிட்ட திருவிதாங்கூர்ச் சரித்திரம், நாகமையர் 1906-இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட ஸ்டேட் மானுவல், வேலுப் பிள்ளை 1940-இல் நான்கு தொகுதிகளாக வெளியிட்ட ஸ்டேட் மானுவல். மூன்றும் ஆங்கிலத்தில் இயன்றவை. மூவரும் அரசாங்கத்தோடு தொடர்புடையோர். ஆதலின் அரண்மனையின் கண்கொண்டே பெரும்பாலும் போரைப் பார்ப்பர். மன்னர் எண்ணினார், கட்டளையிட்டார், வென்றார் என்பது இவற்றின் நடை. இதனைக் குறையாகக் கூறுகின்றோமல்லோம். ஒருவன் எங்கே நின்றுகொண்டு பேசுகின்றான் என்பதை அறிந்து கேட்டால் அவன் பேச்சிற் கொள்வன கொள்ளலாம், தள்ளுவன தள்ளலாம்.

இவற்றின் பின் எதிரியின் ஏட்டையும் வாசித்தல் வேண்டும். நம்மவருள் பலர் செய்யாதது இதுவே. கல்லெட்டி என்பார் 1911-இல் சென்னை அரசாங்கத்தின் சார்பில் டச்சுக்காரரின் இரண்டு அறிக்கைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். அவற்றுள் ஒன்று, மலையாளக் கரையில் டச்சுக் கம்பெனியின் தலைவராயிருந்த கொல்லனெஸ்ஸே என்பவர் 1743-இல், அஃதாவது குளச்சல் தோல்விக்கு இரண்டே ஆண்டுகளின் பின், தமக்கு அடுத்து வருவார்க்கென எழுதிவைத்தது. தோற்றவன் தன் வீட்டாருக்கு எழுதும் கடிதத்திற் பெருமை பேச இடமில்லை. மிளகு எவ்வளவு வந்தது, எந்தச் சிற்றரசனை நம்பலாம், எவனை நம்பலாகாது என்பனவே அதில் மிகுதி. சர்தார் பணிக்கரின் 'மலபாரும் டச்சுக்காரரும்' 1931-இல் வந்தது, எளிய நடையினது. இவை எல்லாவற்றினும் விரிவாக, ஹாலந்து நாட்டுக் கம்பெனி ஏடுகளை ஆராய்ந்து எழுதப்பட்டது, மார்க் டி லனாய் என்பாரின் திருவிதாங்கூர்க் குலசேகரப் பெருமாக்களைப் பற்றிய நூல். அது 1997-இல் லெய்டனில் வெளிவந்தது.

இவ்விரு வகை நூல்களையும் அருகருகே வைத்து வாசித்தால் குளச்சல் யுத்தம் வேறொரு வடிவம் கொள்கின்றது. மேடைகளில் நாம் கேட்பது ஒரே நாட்போர்: கடற்கரையில் அணிவகுப்பு, குதிரைப் பாய்ச்சல், வெற்றி முரசு. ஏடுகளிற் காண்பது மாதக்கணக்கான முற்றுகை. கரையில் மரவேலியும் மண்ணும் கொண்டு அரண் செய்து அமர்ந்திருந்த டச்சுக்காரரைத் திருவிதாங்கூர்ப் படை வளைத்துக்கொண்டது. ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில் ஒரு குண்டு அரணுள் இருந்த வெடிமருந்துப் பீப்பாயில் விழுந்தது. அதனால் மூண்ட தீயில் அவர்தம் அரிசியிருப்பு முழுதும் எரிந்து போயிற்று. அதன்மேல் அவர்கள் சரண் புகுந்தனர். வாளினாலன்று, வயிற்றினால் முடிந்தது அப்போர். நெல் விளைவிக்கும் நாஞ்சில் நாட்டார்க்கு இஃதொன்றும் வியப்பாதல் கூடாது. எனினும் எம் கூட்டத்தில் இதனை ஒருகாற் சொன்னபோது, வீரத்தைக் குறைத்துப் பேசுகின்றோமென முகம் சுளித்தாரும் உளர்.

மற்றும், குளச்சலோடு டச்சுக்காரர் ஓடிப்போயினர் என்பதும் மெய்யன்று. 1753-இல் மாவேலிக்கரையில் உடன்படிக்கை எழுதப்படும் வரை பன்னிரண்டாண்டு வழக்கு நிகழ்ந்தது. அவ்வுடன்படிக்கையின்படி ஆண்டுதோறும் குறித்த கண்டி மிளகைக் குறித்த விலைக்கு மன்னர் கொடுத்தல் வேண்டும். கம்பெனியார் 12,000 ரூபாய் பெறும் யுத்தத் தளவாடங்களை மன்னருக்கு விற்றல் வேண்டும். வென்றவருக்குத் தோற்றவரே துப்பாக்கி விற்றனர்! இப்பகுதியை வாசிக்குங்கால் போர்ச் சரித்திரம் வாசிக்கின்றோமா, கோட்டாற்றுச் சந்தைக் கணக்கு வாசிக்கின்றோமா என்னும் ஐயம் எழாமற் போகாது.

குளச்சலை விடுத்து கணியாகுளத்துக்கு வருவோம். மலையாண்டு 810-ஐ ஒட்டி, அஃதாவது கி.பி. 1634–35-இல், மதுரைத் திருமலை நாயக்கரின் சேனையோடு வேணாட்டுப் படை பொருத களம் அது. அப்போரில் இரவிக்குட்டிப் பிள்ளை வீழ்ந்த கதையை வில்லுப்பாட்டாக நாம் குழந்தைப் பருவம் முதற் கேட்டிருக்கின்றோம். தீநிமித்தங் கண்டு வீட்டுப் பெண்டிர் தடுத்தலும், உடனிருந்த அமைச்சரே காட்டிக் கொடுத்தலும், தலை கொய்யப்பட்டு மாற்றார் பாசறைக்குச் செல்லுதலும் பாடப்படும்போது, கொடை விழாக்களில் முதியோர் கண் துடைத்தலை யாம் கண்டதுண்டு. இக்கதைப்பாடலையும் போர்ச் சரித்திர நூலாகவே கொள்ளல் வேண்டுமென்பது எம் கருத்து. ஆங்கில மானுவல்கள் அரசரைச் சொல்லும். இப்பாட்டோ களத்தில் வீழ்ந்தவனைச் சொல்லுகின்றது. ஆயின் எண்ணிக்கைகளை அதனிடம் கேட்டல் ஆகாது. பாட்டிலே ஆயிரம் என்பது 'மிகப் பல' என்பதன் மறுபெயர்.

ஈண்டு ஒன்று கூறுதல் கடமை. 'பிள்ளை' என்னும் பட்டத்தைக் கண்ட மாத்திரத்தே இவ்வீரரை நம் குலத்தவரென எழுதிவிடும் வழக்கம் நம்மவருட் சிலரிடம் காணப்படுகின்றது. சென்ற மாதம் எமக்கு வந்த கட்டுரையொன்றும் அத்தகையதே. அதனை யாம் வெளியிட்டிலோம். பிள்ளை என்பது அக்காலத்து வேணாட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட வகுப்பார் தாங்கிய பட்டம். சான்றின்றி உரிமை கொண்டாடுவோமாயின், நாளை பிறர் நம் முன்னோரைத் தமதென்னும்போது நாம் வாய் திறக்க வழியில்லை. கட்டுரையாளர் எம்மீது சினங்கொண்டிருக்கின்றார் என அறிகின்றோம். சினம் தணிந்தபின் வாசகசாலைக்கு வந்து மானுவலை எம்மோடு உட்கார்ந்து வாசிப்பாராக.

இனி, யாம் மிகவும் விரும்பி வாசித்த நூலொன்றைக் கூறுவோம். ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் ஆங்கிலச் சேனாபதி தம் நாற்பதாண்டுப் படைவாழ்க்கையை இரண்டு தொகுதிகளாக எழுதி 1830-இல் லண்டனில் வெளியிட்டார். 1809-இல், தளக்குளத்து வேலுத்தம்பி தளவாய் கும்பெனியை எதிர்த்துக் கிளம்பியபோது, ஆரல்வாய்மொழிக் கணவாய் அரண்களை உடைத்த படையை முன்னின்று நடத்தியவர் இவரே. பெப்ரவரி 10-ஆம் நாள் விடியுமுன், பாறைகளுக்கும் முட்புதர்களுக்கும் இடையே இருளிற் பல மணி நேரம் தென்புற மலைமேல் ஏறி, அரணின் பக்கத்தே இறங்கித் தாக்கினர். நாம் பஸ்ஸில் அமர்ந்து அரைக்கண் உறக்கத்தோடு கடந்து போகும் அக்கணவாயை, இவ்வேட்டை வாசித்தபின் உறங்கிக்கொண்டு கடக்க எம்மால் இயலவில்லை. பதினெட்டாண்டுக்கு முன் கட்டியதா, நூறாண்டுக்கு முன் கட்டியதா என்று அறியாது நாம் ஆட்டை மேயவிட்ட இடிந்த சுவரெல்லாம் ஒரு நாட்டின் வாயிற்கதவு என்பது அப்போது விளங்கும்.

வெல்ஷ் எதிரியே, ஆயினும் கண்ணுடைய எதிரி. 1801-இல் பாஞ்சாலங்குறிச்சியிலும் சிவகங்கையிலும் பொருதவர். சின்ன மருதுவிடம் முன்னர்த் தாம் ஈட்டியும் வளரியும் எறியக் கற்றதை நன்றியோடு எழுதியவர், அதே சின்ன மருதுவைக் கும்பெனியார் தூக்கிலிட்டதையும் மனங் கசிந்து எழுதுகின்றார். ஒரு புஸ்தகத்தில் இவ்விரண்டும் அடுத்தடுத்து வருமாயின் அதனை நம்பி வாசிக்கலாம். ஆயினும் வேலுத்தம்பி ஏன் கிளர்ந்தார் என்பதனை இவரிடம் முழுதும் கற்றல் இயலாது. 1805-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி திருவிதாங்கூர் கம்பெனிக்கு ஆண்டுதோறும் செலுத்தவேண்டிய தொகை எட்டு லட்சம் ரூபாயாக உயர்ந்ததையும், அதனால் நேர்ந்த நெருக்கடியையும் நாகமையரிடத்தும் வேலுப் பிள்ளையிடத்துமே காணல் வேண்டும். படை நடையை மட்டும் விரும்புவோர்க்கு வில்சன் எழுதிய சென்னைச் சேனைச் சரித்திரம், 1882 முதல் 1889 வரை ஐந்து தொகுதிகளாக வந்தது, உண்டு. அது பட்டாளக் கணக்குப் புஸ்தகம் போன்றது. அயர்வு தரும், ஆயின் தேதி பிழையாது.

ஆங்கிலம் அறியாதார் என் செய்வது எனின், ஆனந்தரங்கப் பிள்ளையின் தினசரி இருக்கின்றது. புதுச்சேரியில் பிரஞ்சுத் துரைகளிடம் துபாஷாக இருந்த அவர் 1736 முதற் கால் நூற்றாண்டளவு தமிழிலேயே எழுதிவைத்தது அது. 1748-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டதை ஊருக்குள்ளிருந்தே கண்டு எழுதிய தமிழர் ஒருவரின் சொல்லை விட்டுவிட்டு, பிறர் சொல்லைப் பிறர் மொழியிற் படித்துக்கொண்டிருத்தல் நமக்கு அழகன்று.

அன்பர் வினாவுக்குத் திரும்புவோம். குளச்சலில் நம் முன்னோர் என் செய்தனர்? நாஞ்சில் நாட்டார் அக்காலமெல்லாம் பெரும்பாலும் செய்தது, நெல் அளந்ததும் இறை இறுத்ததும் ஆம். மதுரைப் படைகள் வந்தபோது விளைநிலம் அழிந்ததையும், அதன்பொருட்டு இறை நீக்கப்பட்டதையும், நாட்டார் கூடி முறையிட்டதையும் பழைய ஆவணங்கள் கூறுகின்றன. நாகமையர் அவற்றுட் சிலவற்றை எடுத்தாண்டுள்ளார். இவையும் போர்ச் சரித்திரமே. ஆயின் இதனோடு நின்றுவிடுதலும் நேர்மையன்று. அந்நெல்லை நட்டவரும் அறுத்தவரும் யார்? உதயகிரிக்குக் கல் சுமந்தவர் யார்? குளச்சற் கரையில் வாழ்ந்த மீனவர் அம்மாதங்களில் எங்கே ஒதுங்கினர்? திருவிதாங்கூரில் அடிமை வழக்கம் 1855 வரை சட்டத்தால் நீக்கப்படவில்லை. நம் முன்னோர் வயல்களிலும் அடிமைகள் உழைத்தனர். அவர்தம் பெயர் மானுவலிலும் இல்லை, பாட்டிலும் இல்லை, நம் குடும்ப ஓலைகளிலோ விலைப்பொருளாக மட்டும் உண்டு. அவ்வோலைகளை மறைத்து வைத்திருப்போர் மறைக்கற்க, அவையும் சான்றுகளே.

வாங்கவேண்டுவன பற்றிச் சுருங்கச் சொல்லின்: இரண்டு மானுவல்களையும் கேரள அரசினர் 1990-களில் மறுபதிப்பாக வெளியிட்டனர், கிடைத்தால் அவற்றை வாங்குக. வேலுப் பிள்ளையின் சரித்திரத் தொகுதி ஒன்று மட்டுமே கிடைப்பினும் விடற்க. சங்குண்ணி மேனவன், வெல்ஷ், கல்லெட்டி, வில்சன் ஆகியோர் நூல்களுக்குப் பணம் செலவிட வேண்டா; பழைய பதிப்புக்களைக் கணினி வழியே இலவசமாகப் பெறலாம், நம் பிள்ளைகள் ஒரு நாழிகையில் எடுத்துத் தருவர். மிஞ்சும் பணத்துக்கு ஆனந்தரங்கப் பிள்ளையையும், நம் பக்கத்துக் கதைப்பாடற் பதிப்புக்களையும் வாங்குக. சி. வி. ராமன் பிள்ளையின் 'மார்த்தாண்டவர்மா'வைச் சரித்திர அலமாரியில் வைக்க வேண்டா. அது 1891-இல் வந்த நாவல், அதிற் குளச்சல் யுத்தமும் இல்லை. நாவல் அலமாரியில் வைத்து எல்லோரும் வாசிக்க.

வெல்ஷின் ஆரல்வாய்மொழிப் பகுதியைத் தமிழிற் பெயர்த்து அனுப்ப இளைஞர் எவரேனும் முன்வருவாராயின், அடுத்த இதழ்களில் இடம் ஒதுக்க யாம் ஆயத்தமாயுள்ளோம். பெயர்ப்போர் ஒருமுறை அம்மலைமேல் ஏறிப் பார்த்துவிட்டு எழுதுக. மாசி மாதத்தில் ஏறுதல் நலம், மழை இராது.