நேர்சரி ரீச்சருக்கு யார் படிப்பிச்சது?

2020 மார்ச் நடுப்பகுதியில் பள்ளிக்கூடங்களைப் பூட்டினவுடன் நாங்கள் சந்தோசப்பட்டோம் என்பதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறோம். அப்போது ஏ.எல். படித்துக்கொண்டிருந்தோம், இரண்டு கிழமை லீவு, பிறகு எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தோம். எங்களில் ஒருத்தியின் பெரியம்மாவுக்கு அது லீவாக இருக்கவில்லை. அவர் யாழ்ப்பாணத்தில் ஒரு கிராமத்து முன்பள்ளி ஆசிரியை. ஊருக்கு 'நேர்சரி ரீச்சர்'. முன்பள்ளி பூட்டினால் பெற்றோர் தருகிற மாதக்காசும் நின்றுவிடும். ஏப்ரலில் நிர்வாகக் குழுவில் இருந்து ஒருவர் போன் எடுத்து, "எல்லாரும் ஒன்லைனில செய்யினம் ரீச்சர், நீங்களும் ஏதாவது செய்யுங்கோ, அப்பதான் பெற்றோரிட்ட காசு கேக்கலாம்" என்றாராம். அவரிடம் இருந்தது பட்டன் போன்.

மகன் பாவித்துவிட்டுப் போட்ட, கண்ணாடி வெடித்த ஸ்மார்ட் போன் ஒன்றை அலுமாரிக்குள் இருந்து எடுத்தார்கள். பதினேழு வயதுப் பெறாமகள் வட்ஸ்அப் காட்டிக் கொடுத்தாள். முதல் வீடியோவுக்கு ரீச்சர் சீலை உடுத்து, தலை இழுத்து, போனை ஊறுகாய்ப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டுப் பாடினார். அனுப்பின பிறகுதான் தெரிந்தது, பாட்டு முழுக்க கமரா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது என்று. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. "எனக்கு இதை ஆரும் காட்டித் தரேல்லையே" என்றார்.

அந்த வசனத்தை நாங்கள் அப்போது பெரிதாக எடுக்கவில்லை. பிறகு கெம்பஸில் கல்வி வரலாறு வாசிக்கத் தொடங்கினபோதுதான் அது திரும்ப வந்தது. சின்னப் பிள்ளைகளின் வகுப்புக்குள் ஒரு புதுக் கருவி வரும்போது, அதை ரீச்சருக்கு யார் காட்டிக் கொடுத்தார்கள்? இந்தக் கட்டுரை அந்த ஒரு கேள்வியின் பின்னால் போகிறது.

ஜேர்மனியில் பிரெடரிக் புரோபல் 1837இல் சின்னப் பிள்ளைகளுக்கான ஒரு நிலையத்தைத் தொடங்கி, 1840இல் அதற்கு 'கிண்டர்கார்ட்டன்' என்று பேர் வைத்தார். அவருடைய கருவிகளை 'கொடைகள்' என்று சொல்லுவார்கள். முதலாவது கொடை நூலில் கட்டின ஆறு கம்பளிப் பந்துகள். இரண்டாவது மரத்தால் செய்த கோளம், உருளை, கனவுரு. மூன்றாவது எட்டுத் துண்டாகப் பிரியும் ஒரு கனவுரு. இன்றைக்கு எந்த விளையாட்டுச் சாமான் கடையிலும் கிடக்கிற கட்டைகள்தான். ஆனால் அந்தக் காலத்தில் அது புதுத் தொழில்நுட்பம். பந்தைக் கையில் கொடுத்துவிட்டு என்ன பாடுவது, எப்போது சும்மா இருப்பது, எப்போது அடுத்த கொடையை எடுப்பது என்பதெல்லாம் படிக்க வேண்டிய விசயங்கள். அதனால் புரோபல் கட்டைகளை மட்டும் அனுப்பவில்லை. இளம் பெண்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தார். பெண்களுக்குத் தொழிற்கதவுகள் அநேகமாகப் பூட்டிக் கிடந்த காலம் அது.

1851இல் பிரஷ்ய அரசு கிண்டர்கார்ட்டனைத் தடை செய்தது. நாத்திகமும் சோசலிசமும் பரப்புகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. (கம்பளிப் பந்தைப் பார்த்துப் பயந்த அரசாங்கம்!) அடுத்த வருசம் புரோபல் இறந்துபோனார். தடை 1860 வரை நீடித்தது. அந்த இடைவெளியில் அவருடைய முறையைக் காப்பாற்றினது அவரிடம் படித்த பெண்கள்தான். அவர்களில் ஒருவரான மார்கரெத்தே ஷுர்ஸ் 1856இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் தன் வீட்டிலேயே ஒரு கிண்டர்கார்ட்டன் தொடங்கினார். அமெரிக்காவின் முதலாவது கிண்டர்கார்ட்டன் என்று அதைத்தான் சொல்லுகிறார்கள். பிறகு 1870களில் மில்டன் பிராட்லி என்ற விளையாட்டுச் சாமான் வியாபாரி கொடைகளைச் செய்து விற்கத் தொடங்கினார். கட்டைகள் பயிற்சியை விட வேகமாகப் பரவின. காலப்போக்கில் சில வகுப்புகளில் அவை ட்ரில் மாதிரி ஆகிப்போயின: எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே கட்டையை ஒரே இடத்தில் வைக்க வேண்டும். கருவி கையில் இருந்தது, அதைப் பாவிக்கிற பழக்கம் கையில் வரவில்லை.

மரியா மொண்டிசோரியின் கதை எங்களுக்குக் கொஞ்சம் கிட்டவானது. 1907 ஜனவரி 6ஆம் திகதி ரோமின் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் அவருடைய முதலாவது வகுப்பு திறந்தது. மொண்டிசோரி வைத்தியர், அங்கே நேரடியாகப் படிப்பிக்கவில்லை, மேற்பார்வை செய்தார். தினமும் பிள்ளைகளோடு நின்றது அந்தக் கட்டடத்தின் வாயில் காவலாளியுடைய மகள். ஆசிரியப் பயிற்சி எதுவும் இல்லாத ஒரு பெண். மொண்டிசோரி முறையின் முதல் ரீச்சர் அவர் என்று சொன்னால் பிழையில்லை. முறைக்கு வைத்தியரின் பேர் நிலைத்தது. காவலாளியின் மகளைப் புத்தகங்கள் பெரும்பாலும் 'காவலாளியின் மகள்' என்றே சொல்லிவிட்டுப் போகின்றன.

1939இல் மொண்டிசோரி பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னை அடையாறுக்குப் பயிற்சி கொடுக்க வந்தார். அடுத்த வருசம் இத்தாலி போரில் இறங்கினதும், பிரித்தானிய இந்தியாவில் அவர் எதிரி நாட்டுப் பிரசை. மகன் மரியோவைப் பிடித்துத் தடுப்பு முகாமில் போட்டார்கள். அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்குத்தான் விட்டார்கள். திரும்பிப் போக முடியாத அந்த வருசங்களில் அவர் செய்த முக்கிய வேலை ஆசிரியர்களுக்குப் படிப்பித்தது. கட்டுப்பாடுகள் தளர்ந்த பிறகு 1944இல் இலங்கைக்கும் வந்து பயிற்சி நடத்தினார்.

இன்றைக்கும் எங்கட நாட்டில் எந்த முன்பள்ளியையும் 'மொண்டிசோரி' என்று கூப்பிடுகிறோம். அநேகமான இடங்களில் மொண்டிசோரியின் உருளைகளும் இல்லை, தொட்டுணரும் உப்புத்தாள் எழுத்துகளும் இல்லை. பிளாஸ்டிக் கதிரை, சுவரில் அ-னா ஆ-வன்னா சாட், ஒரு வெண்கட்டிப் பெட்டி. பேர் மட்டும் வந்து சேர்ந்துவிட்டது.

கொம்பியூட்டருக்கு வருவோம். சின்னப் பிள்ளைக்கும் கொம்பியூட்டருக்கும் உள்ள உறவு டெப், யூரியூப்போடு தொடங்கினது என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம். அது அரை நூற்றாண்டுக்கும் மேலே பழசு. 1967இல் சீமோர் பப்பேட், வலி ஃபொயர்ஸைக், சிந்தியா சொலமன் ஆகியோர் பிள்ளைகளுக்காக 'லோகோ' என்ற கணினி மொழியை உருவாக்கினார்கள். பிறகு அதோடு 'ஆமை' என்ற சின்ன ரோபோ ஒன்றும் சேர்ந்தது; கட்டளை கொடுத்தால் நிலத்தில் ஓடிக் கோடு கீறும். ஒரு பிரச்சினை. கட்டளையை ரைப் பண்ண வேண்டும். மூன்று வயதுப் பிள்ளைக்கு எழுத்தே தெரியாதே?

எம்.ஐ.டி.யில் மாணவியாக இருந்த ரேடியா பெர்ல்மன் 1970களின் நடுப்பகுதியில் இதற்கு ஒரு வழி கண்டார். 'டோர்டிஸ்' என்று பேர். முதலில் ஒரு பட்டன் பெட்டி: முன்னுக்கு, பின்னுக்கு, இடம், வலம் என்று பெரிய பட்டன்கள். அது பழகின பிறகு எண்களுக்கு ஒரு பெட்டி, பிறகு கட்டளைகளை ஞாபகம் வைக்கிற பெட்டி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கொடுத்தார். இன்னொரு வடிவத்தில், படம் போட்ட பிளாஸ்டிக் அட்டைகளை வரிசையாகச் செருகினால் ஆமை அந்த வரிசைப்படி ஓடும். எழுத்தே தெரியாத பிள்ளை ப்ரோகிராம் எழுதியது. திரை தேவைப்படவில்லை. புரோபலின் கொடைகளை ஒவ்வொன்றாக எடுக்கிற அதே யோசனை இதிலும் இருக்கிறது என்பது எங்கட அபிப்பிராயம்.

ஆனால் பெர்ல்மன் இதைத் தொடரவில்லை. ஏன் என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்: சுற்றியிருந்தவர்களில் தான் மட்டும்தான் பெண்; விஞ்ஞானி என்று தன்னை மதிக்க வேண்டும் என்று விரும்பினார்; தன்னுடைய வேலை சின்னப் பிள்ளைகளைப் பற்றியது என்பது அவருக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. 1985இல் அவர் கணினி வலையமைப்புகளுக்கான 'ஸ்பானிங் ட்ரீ' நெறிமுறையை உருவாக்கி உலகப் புகழ் பெற்றார். வலையமைப்பு சந்தோசப்பட்டது. சின்னப் பிள்ளைகளின் பட்டன் பெட்டி பல காலம் மறந்துபோய்க் கிடந்தது.

இதை வாசித்தபோது எங்களுக்கு வந்தது கோபம். எம்.ஐ.டி.யில் படித்த ஒருவருக்கே சின்னப் பிள்ளைகளோடு வேலை செய்வது மரியாதைக் குறைவாகத் தெரிந்திருக்கிறது என்றால், எங்கட ஊர் ரீச்சர் எந்த மூலை?

எங்கட நாட்டுச் சட்டத்தில் கட்டாயக் கல்வி 5 வயதில் தொடங்கி 16இல் முடிகிறது. கல்வி அமைச்சின் 'ஈ-தக்சலாவ' இணையத்தளத்தில் தரம் 1 முதல் 13 வரைக்குப் பாடங்கள் இருக்கின்றன. ஐந்து வயதுக்குக் கீழே உள்ள வகுப்பு மாகாண சபை, பிரதேச சபை, கோயில், தேவாலயம், சனசமூக நிலையம், தனியார் என்று பல கைகளில் சிதறிக் கிடக்கிறது. ரீச்சர்மாரில் அநேகர் அரச ஆசிரியர் சேவைக்குள் வருவதில்லை. ஆகவே 2020இல் அவர்களுக்கு எதைப் பாவிப்பது, எப்படிப் பாவிப்பது என்று சொல்ல ஒரு இடமே இல்லாமல் போனது. அதற்கு முதல் வருசம் ஏப்ரலில்தான் உலக சுகாதார நிறுவனம் 2 முதல் 4 வயதுப் பிள்ளைகள் ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் திரைக்கு முன்னால் இருக்கக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று சொல்லியிருந்தது. பன்னிரண்டு மாதத்தில் அதே பிள்ளைகளுக்கு 'ஒன்லைன் நேர்சரி'.

பெரியம்மா என்ன செய்தார்? முதல் மாதம் வீடியோ, வீடியோ, வீடியோ. பிள்ளைகள் பார்த்தார்கள், அவ்வளவுதான். போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். பதில் இரவு ஒன்பது மணிக்குத்தான் வரும், அதுவும் அம்மா செய்த கைவேலையாக இருக்கும். ரீலோட் காசு வேறு. ஜூன் மாதம் அளவில் அவர் தானாகவே மாற்றிவிட்டார். வீடியோவை நிற்பாட்டி, ஒரு நிமிச வொயிஸ் நோட் மட்டும் அனுப்பினார்: "இண்டைக்கு உங்கட வளவில அஞ்சு விதமான இலை பொறுக்குங்கோ. பெரிசில இருந்து சின்னனுக்கு அடுக்குங்கோ. அம்மாட்டச் சொல்லி ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ." படங்கள் வந்தன. ஒரு பிள்ளை இலைகளை நிறத்தின்படி அடுக்கியிருந்தது. அவர் திருத்தவில்லை, ஏன் அப்படி அடுக்கினாய் என்று திரும்ப வொயிஸ் நோட் போட்டுக் கேட்டார். புரோபலையும் பெர்ல்மனையும் அவருக்குத் தெரியாது. ஆனால் கருவி பிள்ளையின் கையை அசைக்க வேண்டும் என்ற விசயத்துக்கு அவர் தனியாக, இரண்டு மாதத்தில், தன்னுடைய காசில் வந்து சேர்ந்தார்.

பிறகு ஒரு நாள் பயிற்சிப்பட்டறை ஒன்றுக்குக் கூப்பிட்டார்கள். 'டிஜிட்டல் முன்பள்ளி' என்று பெனர். ஒரு மண்டபம் நிறைய ரீச்சர்மார், ஒரு புரொஜெக்டர், ஒரு லப்டொப்; அதைத் தொட்டது வளவாளர் மட்டும்தான். ஸ்லைட்டுகள் முழுக்க ஆங்கிலம். பின்னேரம் சான்றிதழும் ரோல்ஸும் கொடுத்தார்கள். வொயிஸ் நோட் கதையை அங்கே யாராவது உங்களிடம் கேட்டார்களா என்று கேட்டோம். "எங்களுக்கு வாயே துறக்க நேரமில்லை, படமெடுக்கத்தான் நேரமிருந்தது" என்றார்.

2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரன்ட் போன காலத்தில் 'டிஜிட்டல்' என்ற பேச்சே கொஞ்ச நாளைக்கு இல்லாமல் போனது. அதைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் குழுவுக்குள் இன்னும் சண்டை முடியவில்லை. முன்பள்ளிக்குள் போனே வரக் கூடாது, வந்தால் பிள்ளை மண்ணையும் மரத்தையும் மறந்துவிடும் என்று ஒருவர் பிடிவாதம். அவருடைய பயம் சும்மா வந்த பயமில்லை. சாப்பாடு தீத்தக் கூட யூரியூப் போடுகிற வீடுகளை எல்லோரும் பார்க்கிறோம். ஆனால் ரீச்சரின் கையில் இருக்கிற போனும் பிள்ளையின் கையில் திணிக்கிற போனும் ஒன்றில்லை என்பது மற்றவர்களின் வாதம். பெரியம்மா இப்போது வகுப்பில் திரை காட்டுவதில்லை. பிள்ளை கதை சொல்லும்போது ஒலிப்பதிவு செய்து திரும்பப் போட்டுக் காட்டுகிறார். முதல் தடவை தன் குரலைக் கேட்ட ஒரு பெடியன் "அது நானில்ல, வேற ஆரோ" என்று அழுதானாம். பேச்சுத் தாமதம் உள்ள ஒரு பிள்ளையின் ஒலிப்பதிவுகளை மாதவாரியாக வைத்திருந்து தாய்க்குக் கேட்கக் கொடுத்திருக்கிறார். கிளினிக்குக்கு அந்தத் தாய் அதைக் கொண்டு போனார்.

போன மாதம் பெர்ல்மனின் பட்டன் பெட்டியைப் பற்றி அவருக்குச் சொன்னோம். கவனமாகக் கேட்டார். அடுத்த கிழமை நாங்கள் போனபோது, பிஸ்கட் பெட்டி மட்டையில் அம்புக்குறி கீறின எட்டு அட்டைகள் முற்றத்து மணலில் வரிசையாகக் கிடந்தன. ஒரு பிள்ளை ஆமை, மற்றவர்கள் அட்டை அடுக்குகிறவர்கள். ஆமை வேலியில் முட்டினால் அட்டையைப் பிழையாக வைத்தவர் போய் மாற்ற வேண்டும். ரீச்சர் ஒரு பக்கத்தில் நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார், எங்கே பிழைத்தது என்று பிறகு பிள்ளைகளுக்குக் காட்ட.

மழை வந்தால் மட்டை ஊறிவிடும், லமினேட் பண்ண ஒரு அட்டைக்கு எவ்வளவு எடுப்பார்கள் என்று எங்களிடம் கேட்டார். கெம்பஸுக்கு முன்னால் உள்ள கடையில் விசாரித்துச் சொல்லியிருக்கிறோம். இந்த மாதம் கொடுப்பனவு வந்த பிறகு செய்யலாம் என்றார்.