பாம்புக்குட்டி ஆணா, பெண்ணா?

எங்க பொட்டிபுரம் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வாங்க: சாரை ஆண், நல்ல பாம்பு பெண், ரெண்டும்தான் பிணையும். உண்மையில் ரெண்டும் வேற வேற இனம். தோட்டத்துல தலையைத் தூக்கிப் பின்னிக்கிட்டு நிக்கிற ஜோடி பெரும்பாலும் ரெண்டு ஆண் சாரைகள். நடப்பது காதல் இல்ல, மல்யுத்தம்.

வளர்ந்த பாம்புக்கே இந்தக் குழப்பம்னா குட்டிக்கு? ஆணுறுப்பு வாலின் அடியில் உள்ளே மடங்கிக் கிடக்கும். ஆணோட வால் கொஞ்சம் நீளம்தான், ஆனா குட்டியில் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. மெல்லிய கம்பியை உள்ளே விட்டு ஆழம் பார்ப்பது ஒரு வழி. பழகாத கைன்னா குட்டிக்குக் காயம்.

குரோமோசோம் பொய் சொல்லாதுன்னு 1960-களில் விஞ்ஞானிகள் அதைப் பார்க்க ஆரம்பிச்சாங்க. நம்மில் ஆணுக்குத்தான் எக்ஸ், ஒய்னு ரெண்டு வகை. நல்ல பாம்பு, கட்டுவிரியன் மாதிரி இனங்களில் தலைகீழ்: பெண்ணுக்குத்தான் இசட், டபிள்யூன்னு ரெண்டு வகை. பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் பாம்புக் குரோமோசோம்களை ஆராய்ந்த லால்ஜி சிங், அப்புறம் எடின்பரோ போனார். மஞ்சளும் கறுப்புமா பட்டை போட்ட கட்டுவிரியன் இனத்தில், டபிள்யூவில் குவிந்து கிடக்கும் ஒரு டிஎன்ஏ துண்டை அவரோட குழு பிரிச்செடுத்தது. 1980-ல் வெளியான ஆய்வு அது. துண்டுக்குப் பேர் பிகேஎம். நாலே எழுத்து, ஜிஏடிஏ, ஜிஏடிஏன்னு திரும்பத் திரும்ப வரும். கோடு எழுதுறவங்களுக்குப் புரியும்: முடிவில்லாத லூப் மாதிரி.

இதே வரிசை மனிதர்கிட்டயும் இருக்கு. எத்தனை முறை திரும்ப வருதுங்கிறது ஆளுக்கு ஆள் மாறும். 1987-ல் ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வகத்துக்கு வந்த லால்ஜி சிங், அடுத்த ஆண்டே இதை வெச்சு மனித டிஎன்ஏ ரேகை எடுத்துக் காட்டினார். பாம்போட பாலினத்தைத் தேடினவர் கையில, மனிதரை அடையாளம் காட்டும் கருவி!

அது எங்க வந்து நின்னதுன்னா, நம்ம திருச்சியில். பிரேமானந்தா ஆசிரமப் பெண்கள் 1994-ல் புகார் சொன்னப்போ, பெரிய சாமியார் வார்த்தைக்கு எதிரா ஆதரவற்ற பெண்கள் வார்த்தை. ஒரு பெண்ணின் கருவுக்கு அவர்தான் தந்தைன்னு சிசிஎம்பியின் டிஎன்ஏ பரிசோதனை சொன்னது. 1997-ல் புதுக்கோட்டை நீதிமன்றம் இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்தது. 2005-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

சரி, செல்லப் பிராணியா விற்கிற பால் பைத்தான் குட்டிக்கு இந்த வழி உதவுமா? உதவாது. மலைப்பாம்புகளும் நம்மைப் போல எக்ஸ், ஒய் முறைதான்னு 2017-ல் தெரிய வந்தது. பெண் பைத்தானிடம் டபிள்யூவே கிடையாது. அதுக்குக் கைதேர்ந்தவர் கையில் இருக்கும் அந்தப் பழைய கம்பி இன்னமும் ஒரு வழி.