அழுகுரல் கேட்டதா?

நான் முன்சீப் கோர்ட்டில் எழுத்தராகச் சேர்ந்த புதிது. 1974 என்று ஞாபகம். ஒரு சொத்து வழக்கில் ஊர் மருத்துவச்சியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியிருந்தார்கள். எழுபது வயதிருக்கும். பிரதிவாதி வக்கீல் அவரிடம் திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: "குழந்தை அழுதுச்சா, இல்லையா?"

விஷயம் இதுதான். சுயமாகச் சம்பாதித்த மூன்று ஏக்கர் நஞ்சையை விட்டுவிட்டு, உயில் எழுதாமல் ஒருவர் காலமாகிவிட்டார். அவருடைய தாயார் இருந்தார். மனைவி ஐந்து மாத கர்ப்பிணி. பிறகு ஆண் குழந்தை பிறந்தது. விடிவதற்குள் அடக்கமும் செய்துவிட்டார்கள். செத்துப் பிறந்தது என்றார் மாமியார். இல்லை, உயிரோடு பிறந்துதான் போனது என்றார் மருமகள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். செத்துப் பிறந்திருந்தால் மாமியாருக்குப் பாதி, மருமகளுக்குப் பாதி. ஒரு நிமிஷம் உயிரோடு இருந்திருந்தாலும் மூன்று பங்கு. குழந்தையின் பங்கு அதன் தாய்க்குப் போகும். மருமகளுக்கு இரண்டு ஏக்கர், மாமியாருக்கு ஒன்று. ஆக, அந்த அழுகுரலின் மதிப்பு அரை ஏக்கர்.

மருத்துவச்சி சொன்னார்: "அழலீங்க சாமி. ரெண்டு தடவை மூச்சு இழுத்துச்சு. என் கையிலதான் அடங்குச்சு."

அழ வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. உயிரோடு பிறந்தால் போதும். 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டம் 20-ஆவது பிரிவு. அடுத்த வாய்தாவிலேயே ராஜி ஆகிவிட்டார்கள், மருமகளுக்கு இரண்டு ஏக்கர் என்று.

கருக்கலைப்பு பற்றிப் பத்திரிகைகளில் விவாதம் வரும்போதெல்லாம் அந்தக் கிழவியின் கைகள்தான் எனக்கு ஞாபகம் வரும். பிறக்காத சிசுவுக்கு உரிமை உண்டா என்று இப்போது ஏதோ புதிதாகக் கேட்பதுபோல் கேட்கிறார்கள். நம் சட்டத்தில் இது மிகப் பழைய கேள்வி.

மிதாட்சரத்தின்படி, வயிற்றில் மகன் இருக்கும்போது அவனுக்குப் பங்கு ஒதுக்காமல் பாகம் பிரித்துக்கொண்டால், அவன் பிறந்த பிறகு அந்தப் பாகத்தையே திரும்பப் பிரிக்கலாம். வெள்ளைக்காரர் காலத்தில் இதற்கு ஒரு பெரிய சோதனை வந்தது. கல்கத்தாவில் பிரசன்ன குமார் தாகூர் என்ற பெரும் பணக்காரர். அவருடைய ஒரே மகன் ஞானேந்திரமோகன் கிறிஸ்தவரானார். அப்பா மகனை ஒதுக்கிவிட்டு, இனிமேல் பிறக்கப்போகும் சந்ததிகள் வரைக்கும் சொத்தைக் கட்டிப்போட்டு உயில் எழுதினார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1872-இல் தீர்ப்பானது. இந்து சட்டப்படி, இல்லாத ஒருவருக்குத் தானம் கொடுக்க முடியாது. ஆனால் கர்ப்பத்தில் இருக்கும் சிசு 'இருக்கிறவர்' கணக்கில் சேரும். கருவில் கூட வராத பேரனுக்கு எழுதி வைக்க முடியவில்லையே என்று பலருக்கும் குறை. அதைத் தீர்க்க நம் சென்னை மாகாணம்தான் 1914-இல் முதலில் தனிச்சட்டம் போட்டது. இந்தியா முழுவதற்குமான சட்டம் 1916-இல்தான் வந்தது. இந்தப் பெருமையை நம்மவர்கள் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

தண்டனைச் சட்டத்துக்கு வந்தால் கதை வேறு. 1860-ஆம் வருஷத்து இந்திய தண்டனைச் சட்டத்தில், தாயின் வயிற்றில் இருக்கும் சிசுவைச் சாகடிப்பது கொலை வகையில் சேராது என்று 299-ஆவது பிரிவின் விளக்கத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது. அதே சமயம் 312-ஆவது பிரிவில் கருக்கலைப்பு தனிக் குற்றம். மூன்று வருஷம், வயிற்றில் பிள்ளை அசைவு கண்ட பிறகு என்றால் ஏழு வருஷம். தாயின் உயிரைக் காப்பாற்ற நல்லெண்ணத்தோடு செய்தால் மட்டும் விலக்கு. தானே கலைத்துக்கொண்ட பெண்ணும் குற்றவாளிதான்.

இளவயதில் இது எனக்குப் புரியவில்லை. சொத்தில் ஆளாக எண்ணப்படும் சிசு, கொலையில் ஏன் ஆள் இல்லை? எங்கள் தலைமை எழுத்தர் வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்: "தம்பி, சொத்து வயித்துல இருக்கிறதுக்கு இல்லை. பிறந்த பிள்ளைக்கு. அது வந்து சேர்ற வரைக்கும் இலையைப் போட்டு வைக்கிறோம், அவ்வளவுதான்."

தூக்குத் தண்டனையிலும் இப்படித்தான். கர்ப்பிணியைத் தூக்கிலிடுவதை ஹைகோர்ட் தள்ளிவைக்க வேண்டும் என்பது பழைய நடைமுறைச் சட்டத்திலேயே உண்டு. 2009 முதல் அதை ஆயுள் தண்டனையாகவே மாற்றியாக வேண்டும்.

இதையெல்லாம் யோசித்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. சிசுவின் உரிமை சித்தப்பாவுக்கு எதிராக, பாட்டிக்கு எதிராக, தூக்குக் கயிற்றுக்கு எதிராக நின்றது. அங்கெல்லாம் தாயும் சிசுவும் ஒரே கட்சி. 312 மட்டும்தான் தாயையே கூண்டில் நிறுத்தியது. அதற்குப் பயந்து எத்தனை பெண்கள் எருக்கங்குச்சியையும் பப்பாளிக்காயையும் நம்பிப் போய்ச் சேர்ந்தார்கள் என்று நம் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தெருவிலேயே உண்டு. பெயர் வேண்டாம்.

அந்தச் சாவுகளைப் பார்த்துத்தான் மத்திய அரசு 1964-இல் சாந்திலால் ஷா தலைமையில் கமிட்டி போட்டது. 1971-இல் சட்டம், 1972 ஏப்ரல் 1 முதல் அமல். அப்போது 12 வாரம் வரை ஒரு டாக்டர், 20 வாரம் வரை இரண்டு டாக்டர் சம்மதிக்க வேண்டியிருந்தது. வாசித்துப் பார்த்தால் அது பெண்ணுக்கு உரிமை கொடுக்கவில்லை, டாக்டருக்குப் பாதுகாப்புத்தான் கொடுத்திருக்கிறது. 2021-இல் சில வகைப் பெண்களுக்கு 24 வாரமானது. 2022-இல் உச்ச நீதிமன்றம் அதில் கல்யாணமாகாத பெண்களையும் சேர்த்தது.

2023 அக்டோபரில் வந்த வழக்கு என்னைத் தூங்கவிடவில்லை. இரண்டு குழந்தைகளின் தாய். மனநலத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர். பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் கர்ப்பம் தெரியவே இல்லை. தெரிந்தபோது 24 வாரம் தாண்டிவிட்டது. முதலில் கலைக்க அனுமதித்த பெஞ்ச், சிசுவின் துடிப்பை நிறுத்த வேண்டியிருக்கும் என்று எய்ம்ஸ் டாக்டர் எழுதிக் கேட்டதும் இரண்டாகப் பிரிந்தது. இரண்டு நீதிபதிகளுமே பெண்கள். ஒருவருக்கு மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. மற்றவர், தாயைச் சார்ந்திருக்கும் சிசுவைத் தனி ஆளாகப் பார்க்க முடியாது, அவள் முடிவை மதிக்க வேண்டும் என்றார். கடைசியில் மூன்று நீதிபதிகள், சிசுவுக்குக் குறையில்லை, தாயின் உயிருக்கு உடனடி ஆபத்தில்லை என்று மறுத்துவிட்டார்கள்.

அந்தப் பெண்ணின் பக்கம்தான் என் மனம் போனது. ஆனால் அந்த டாக்டரின் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தபோது கை நடுங்கியது, அதையும் மறைக்கவில்லை.

2024 ஜூலையில் தண்டனைச் சட்டமே மாறியது. பேரன் புதுப் புத்தகம் வாங்கி வந்திருந்தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் அந்தப் பிரிவைத்தான் தேடினேன். 312 இப்போது 88. அதே மூன்று வருஷம், அசைவு கண்டால் அதே ஏழு வருஷம். தானே கலைத்துக்கொண்ட பெண்ணும் அப்படியே இருக்கிறாள்.