உளநூலார் கண்ட உணர்ச்சிப் பக்குவம்

அறிவினை வயதுகொண்டு அளத்தல் கூடுமென்னும் கருத்து, பாரிசு நகரத்து அறிஞர் ஆல்பிரட் பினே தம் துணைவர் சீமோனுடன் 1905-இல் அமைத்து 1908-இல் வயது வரிசைப்படுத்திய வினாக்களால் மேனாட்டில் நிலைபெற்றது. ஆயின், கற்றுத் துறைபோய வல்லாரும் ஒரு பழிச்சொற் கேட்ட அளவிலே சிறுமகார்போல் வெகுளுதலை யாம் நாளும் காண்கின்றோம். அறிவு முதிர்ந்தவிடத்தும் உணர்ச்சி முதிராமை என்னை? (ஈண்டுப் பக்குவமென்றது உலகியல் மனநிலையையே, நம் சாத்திரங் கூறும் மலபரிபாகத்தோடு இதனை ஒன்றாக்கி மயங்கற்க.)

பொறுத்தற்கரிய எண்ணத்தை விலக்கி மனம் தன்னைக் காத்துக்கொள்ளுமென வியன்னா நகரத்து மருத்துவர் சிக்மண்ட் பிராய்டு 1894-இல் எழுதினார். அவர் மகளார் அன்னா பிராய்டு அம்மையார் அக்காப்பு முறைகளைத் தொகுத்து 1936-இல் நூலாக்கினார்.

அமெரிக்க நாட்டு ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில், கிராண்ட் என்னும் வணிகர் பொருளுதவ, 1938-இல் ஓர் ஆராய்ச்சி தொடங்கிற்று. மாணவர் 268 பேரைத் தேர்ந்து வாழ்நாள் முழுதும் தொடர்ந்தனர். தொடக்கத்தில் உடலமைப்பையே பெரிதென எண்ணி உறுப்புக்களை அளந்தனர். 1972 முதல் அதனை நடத்திய ஜார்ஜ் வைலண்ட், துன்பம் வந்துழி ஒவ்வொருவரும் என் செய்தனர் என்று நோக்கி, 1977-இல் தம் முடிபுகளை வெளியிட்டார். தன் குற்றத்தைப் பிறர்மேல் ஏற்றல், உந்திய உணர்ச்சியின்வழியே செய்துவிடல் என்பன முதிராத முறைகள். பிறர்க்குதவல், நகைச்சுவை, வருவதுணர்ந்து ஆயத்தமாதல், வேட்கையை நற்றொழிலிற் செலுத்தல், அடக்கல் என்பன முதிர்ந்தவை. முதிர்ந்தன கைக்கொண்டார் தொழிலினும் நட்பினும் மேம்பட்டிருந்தனர். இளமையில் முதிராதார் பலர் நடுவயதில் முதிர்ந்தமையும் அவர் கண்டார்.

இவற்றுள் அடக்கல் என்பது நுணுகி நோக்கற்பாலது. அது சினம் இல்லையென மறைத்தலன்று. உண்டெனத் தெளிந்தே, 'இப்பொழுதன்று, பின்னர்' என ஒதுக்கிவைத்து, உரிய காலத்தே மீட்டும் எடுத்து ஆராய்தலாம். தனக்குத்தானே மறைத்தவனிடத்துச் சினம் வேறுருக்கொண்டு வெளிப்படும். ஆகலின், சினமே இல்லார்போல் முகங்காட்டுவாரைப் பக்குவர் என்று நாம் பாராட்டும் வழக்கம் ஐயுறற்பாலது. அம்முகத்தின் பின் உள்ளது அடக்கமோ மறைப்போ என்பதைப் புறத்தார் எளிதில் அறியார்.

ஆர்வர்டு மாணவர் அனைவரும் ஆடவர், உயர்கல்வி பெற்றார் என்பது குறையே. வைலண்ட், பாஸ்டன் நகரத்து வறிய தெருக்களில் வளர்ந்த 456 ஆடவர் வரலாற்றையும் ஆராய்ந்தார். அவர்பாலும், காப்பு முறைகளின் முதிர்ச்சி கல்வியாலேனும் பெற்றோர் நிலையாலேனும் அறிவளவைகளிற் பெற்ற எண்ணாலேனும் அமைவதன்றென 1986-இல் துணைவரோடு எழுதினார்.