கொரெலியாவின் கப்பல் பட்டறையும் பெம்புரோக்கின் கொட்டகையும்



அண்மையில் என் தொடக்கநிலை ஆறாம் வகுப்பு மாணவர்களை ‘நான் காண விரும்பும் ஊர்’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதுமாறு பணித்திருந்தேன். தஞ்சை, பினாங்கு, லண்டன், தோக்கியோ என்று வழக்கமான ஊர்களே வந்தன. ஒரு மாணவன் மட்டும் ‘கொரெலியா’ என்று எழுதியிருந்தான். விண்வெளிக் கப்பல்கள் கட்டப்படும் உலகமாம், கடலோரத்தில் பட்டறைகளாம், வானளாவிய பாரந்தூக்கிகளாம். உலகப் படத்தில் அப்படி ஓர் ஊர் இல்லை என்பதை அறிய நெடுநேரம் ஆகவில்லை. ‘கற்பனை ஊர், தலைப்புக்குப் பொருந்தவில்லை’ என்று சிவப்பு மையால் எழுதியும் விட்டேன். ஆயினும் கட்டுரையின் இறுதியில் இருந்த ஒரு வரி என்னை விடவில்லை. ‘அங்குக் கப்பல் கட்டிய ஒருவருக்கு வேலை போய்விட்டது’ என்று அவன் எழுதியிருந்தான். கற்பனை உலகத்தில் ஆட்குறைப்பு எதற்கு? அதைத் தேடப் போய்த்தான் இக்கட்டுரை உருவாயிற்று.

கொரெலியா என்பது ஜார்ஜ் லூக்கஸ் உருவாக்கிய ஸ்டார் வார்ஸ் திரைப்படங்களில் வரும் ஓர் உலகம். 1977ஆம் ஆண்டு வெளிவந்த முதற்படத்தில் ஹான் சோலோ என்னும் கப்பலோட்டி தன் கப்பலின் வேகத்தைப் பற்றிப் பெருமையடிக்கும்போது, கொரெலியாவில் கட்டப்பட்ட பெருங்கப்பல்களையே தான் முந்திச் சென்றதாகக் கூறுகிறான். பார்வையாளர் அந்த ஊரைக் காணவில்லை. ஓர் அடைமொழியைக் கேட்டதோடு சரி. ஆயினும் அந்த அடைமொழியைச் சுற்றி ஓர் உலகமே வளர்ந்தது. 1987இல் வெஸ்ட் எண்ட் கேம்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் வெளியிட்ட மேசை விளையாட்டு நூல்கள், ஹான் சோலோவின் ‘மில்லெனியம் ஃபால்கன்’ கப்பலுக்கு ‘ஒய்.டி. 1300’ என்று வகைப்பெயர் சூட்டி, அது கொரெலியப் பட்டறையில் தயாரான சரக்குக் கப்பல் என்று விளக்கின. 1995இல் ரோஜர் மக்பிரைட் ஆலன் மூன்று நாவல்கள் எழுதிக் கொரெலியாவுக்கு உடன்பிறப்புகளைப் போல நான்கு கோள்களையும் சேர்த்தார். 2012இல் டிஸ்னி நிறுவனம் லூக்கஸின் நிறுவனத்தை வாங்கியது. 2014இல் அதுவரை வந்த நாவல்களெல்லாம் ‘பழங்கதைகள்’ எனத் தனியே ஒதுக்கப்பட்டன. ஓர் உலகத்தின் வரலாறு ஒரே அறிவிப்பில் செல்லாததாகிவிட்டது! இதனைக் கண்டு நாம் அதிகம் நகைக்கவும் வேண்டியதில்லை. இறையனார் களவியல் உரையில் வரும் கபாடபுரம் என்னும் பெயரைச் சுற்றி நாம் எத்தனை மாடங்களை எழுப்பியிருக்கிறோம்!

மாணவன் எழுதிய வரிக்கு வருகிறேன். 2018ஆம் ஆண்டு ரான் ஹவர்ட் இயக்கத்தில் வெளிவந்த ‘சோலோ’ என்னும் படத்தில்தான் கொரெலியா முதன்முதலாகத் திரையில் விரிவாகக் காட்டப்பட்டது. புகையும் துருவும் மண்டிய தொழில் நகரம் அது. ஒருபுறம் பேரரசின் போர்க்கப்பல்கள் கட்டப்படுகின்றன. மறுபுறம் ஆதரவற்ற சிறுவர்கள் ஒரு திருட்டுக் கும்பலின் பிடியில் வாழ்கின்றனர். ஹான் அவர்களுள் ஒருவன். பின்னொரு காட்சியில் அவன் முதன்முறையாக மில்லெனியம் ஃபால்கனுக்குள் நுழையும்போது, தன் தந்தை இவ்வகைக் கப்பல்களைக் கட்டும் ஆலையில் வேலை செய்தவர் என்றும், பின்னர் ஆட்குறைப்பில் வேலையிழந்தார் என்றும், அவருக்குக் கப்பலோட்டியாக வேண்டும் என்னும் ஆசை இருந்தது என்றும் சொல்கிறான். சில விநாடிகளில் அப்பேச்சு கடந்துபோகிறது. நாற்பது ஆண்டுகளாக உலகமே வியந்த கப்பலை ஒரு தொழிலாளி தன் கையால் கட்டினார் என்பதும், அவர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார் என்பதும் அந்தச் சில விநாடிகளில் அடங்கிவிடுகின்றன.

அத்தந்தையின் பெயரைப் படம் சொல்வதில்லை. அதே படத்தில், படையில் சேர வரும் ஹானிடம் அதிகாரி அவனுடைய குடும்பத்தாரைப் பற்றி விசாரிக்கிறார். எவருமில்லை என்றதும், தனியன் என்னும் பொருள்படச் ‘சோலோ’ என்று தாமே ஒரு பெயரை எழுதிக்கொள்கிறார். தலைப்பெழுத்தாகத் தந்தையின் பெயரை எழுதிய பிறகே தன் பெயரை எழுதப் பழகிய நம் பிள்ளைகளுக்கு இக்காட்சியின் கொடுமை எளிதில் விளங்கும் என எண்ணுகிறேன்.

சரி, கற்பனை கிடக்கட்டும். அந்த மில்லெனியம் ஃபால்கனை உண்மையில் கட்டியவர் யார்? இக்கேள்விக்குக் கிடைத்த விடைதான் என்னைப் பெரிதும் வியப்பில் ஆழ்த்தியது.

1977ஆம் ஆண்டுப் படத்துக்காக லண்டனுக்கு அருகிலுள்ள எல்ஸ்ட்ரீ படப்பிடிப்புக் கூடத்தில் அக்கப்பலின் ஒரு பாதியை மட்டுமே முழு அளவில் அமைத்திருந்தனர். 1980இல் வெளிவந்த இரண்டாம் படத்துக்கு முழுக் கப்பலும் தேவைப்பட்டது. அதனை அமைக்கும் பொறுப்பு வேல்ஸ் நாட்டின் தென்மேற்கு மூலையிலுள்ள பெம்புரோக் டாக் என்னும் சிற்றூரின் பொறியியல் நிறுவனம் ஒன்றுக்குச் சென்றது. எண்ணெய்த் தொழில்துறைக்கு இரும்பு வேலை செய்துவந்த நிறுவனம் அது. மார்கன் ஃபாப்ரிகேஷன்ஸ் என்பது அதன் பெயர். 1979இல் அவ்வூரின் பழைய விமானக் கொட்டகை ஒன்றில் வேலை இரகசியமாக நடந்தது. எஃகுச் சட்டகம் அமைத்து, அதன்மேல் ஒட்டுப்பலகை போர்த்தினர். விட்டம் 60 அடிக்கு மேல். எடை 20 டன்னுக்கு மேல். இவ்வளவு பெரிய பொருளைப் படப்பிடிப்பின்போது நகர்த்துவதற்காக, அதன் கால்களின் அடியில் அழுத்தக் காற்றினால் தூக்கும் அமைப்பைப் பொருத்தினர். திட்டத்துக்கு ‘மேஜிக் ரவுண்டபவுட்’ என்று மறைபெயர் வேறு! அது பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் புகழ்பெற்றிருந்த சிறுவர் நிகழ்ச்சி ஒன்றின் பெயராகும். ஆனால் சிற்றூரில் இரகசியம் எத்தனை நாள் நிற்கும்? கொட்டகைக்குள் பறக்கும் தட்டு கட்டுகிறார்கள் என்னும் செய்தி ஊரெங்கும் பரவிவிட்டது. இறுதியில் கப்பலைப் பல பகுதிகளாகப் பிரித்து, பாரவுந்துகளில் ஏற்றி எல்ஸ்ட்ரீக்குக் கொண்டு சென்றனர்.

பெம்புரோக் டாக் ஏதோ ஓர் ஊர் அன்று. கப்பல் கட்டுவதற்கென்றே பிறந்த ஊர் அது. பிரிட்டிஷ் கடற்படையின் கப்பல் பட்டறை அங்கு 1814ஆம் ஆண்டளவில் அமைக்கத் தொடங்கப்பட்டது. அதனைச் சுற்றியே ஊர் எழுந்தது. 1816இல் முதற்கப்பல்கள் நீரில் இறக்கப்பட்டன. தொடர்ந்து ஒரு நூற்றாண்டுக் காலத்தில் 250க்கும் மேற்பட்ட கப்பல்கள் அங்கே கட்டப்பட்டன. ‘விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்’ என்னும் பெயர் தாங்கிய அரச உல்லாசக் கப்பல்களும் அவற்றுள் அடங்கும். தாத்தா, தந்தை, மகன் என மூன்று நான்கு தலைமுறைகள் ஒரே வாயிலின் வழியே வேலைக்குச் சென்ற ஊர் எனலாம்.

முதல் உலகப் போர் முடிந்ததும் நிலைமை மாறியது. 1922ஆம் ஆண்டு வாஷிங்டன் உடன்படிக்கை போர்க்கப்பல்களுக்கு வரம்பு விதித்தது. அரசும் செலவைக் குறைக்க முற்பட்டது. 1925இல் பட்டறை மூடப்படும் என்னும் அறிவிப்பு வந்தது, 1926இல் மூடப்பட்டது. சிலர் போர்ட்ஸ்மத், பிளிமத் போன்ற ஊர்களின் பட்டறைகளுக்கு இடம்பெயர்ந்தனர். பலருக்கு வேலை இல்லை. அந்த ஒரு தொழிலை நம்பியே நின்ற ஊருக்கு வேறு கதி ஏது?

பிறகு 1930இல் விமானப்படை வந்தது. நீரில் இறங்கி நீரிலிருந்தே எழும் ‘சண்டர்லாண்ட்’ பறக்கும் படகுகளின் பெருந்தளமாக இரண்டாம் உலகப் போரில் அவ்வூர் விளங்கிற்று. 1950களின் இறுதியில் அப்படையும் போய்விட்டது. அது விட்டுச்சென்ற கொட்டகையில்தான் ஹான் சோலோவின் கப்பல் உருவாயிற்று.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. 1860இல் நீரில் இறக்கப்பட்ட ‘வாரியர்’, பிரிட்டனின் புகழ்மிக்க இரும்புக் கவசப் போர்க்கப்பல். ஒரு காலத்தில் கடலில் அதற்கு நிகரில்லை. முதுமையில் அதன் பாய்மரங்களைக் களைந்து, 1929 முதல் பெம்புரோக் டாக் ஓரத்தில் எண்ணெய்க் கப்பல்கள் அணையும் வெறும் மிதவைத் துறையாகக் கட்டிப்போட்டிருந்தனர். அரை நூற்றாண்டு அவ்வாறே கிடந்த அக்கப்பலைப் புதுப்பிப்பதற்காக இழுத்துச் சென்ற ஆண்டும் அதே 1979தான். (இன்று போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் அதனைக் காணலாம்.) ஓர் உண்மைக் கப்பலும் ஒரு பொய்க் கப்பலும் ஒரே ஆண்டில் ஒரே ஊரைவிட்டுப் புறப்பட்டன!

இங்கே நம் சிங்கப்பூருக்கும் ஒரு தொடர்பு உண்டு. பெம்புரோக் பட்டறையை மூட முடிவு செய்த அதே காலத்தில்தான், அதே கடற்படை செம்பவாங்கில் தளம் அமைக்கும் திட்டத்தில் ஈடுபட்டிருந்தது. 1921இல் முடிவெடுத்து, 1924இல் தொழிற்கட்சி அரசு நிறுத்தி, மீண்டும் தொடங்கி, 1938 பிப்ரவரி 14இல் ஆறாம் ஜார்ஜ் மன்னர் பெயர் தாங்கிய 1,000 அடி உலர்துறை திறக்கப்பட்டது. தளத்தில் வேலை செய்தோருள் மலையாளிகளும் தமிழரும் திரளாக இருந்தனர். இன்று ஈசூனில் உள்ள புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம், அத்தொழிலாளர்கள் கான்பெரா சாலையோரம் வழிபட்ட இடத்திலிருந்து வளர்ந்ததே ஆகும். 1968 ஜனவரியில் பிரிட்டன் 1971 இறுதிக்குள் படைகளை மீட்டுக்கொள்வதாக அறிவித்தபோது, நாட்டின் பொருளியலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பிரிட்டிஷ் தளங்களைச் சார்ந்திருந்தது. பெம்புரோக்கில் நேர்ந்தது இங்கும் நேர்ந்திருக்கக்கூடும். ஆனால் 1968 டிசம்பரில் பட்டறை சிங்கப்பூர் அரசிடம் ஒப்படைக்கப்பட்டு, செம்பவாங் கப்பல் பட்டறையாக வணிகக் கப்பல்களைப் பழுதுபார்க்கத் தொடங்கியது. இருப்பினும் தளத்தின் மற்றப் பிரிவுகளில் வேலையிழந்தோர் பலர். அவர்களுடைய பிள்ளைகள் இன்று தாத்தா பாட்டியாகிவிட்டனர்.

இதனைப் பெற்றோர் சந்திப்பின்போது அம்மாணவனின் தாயாரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, “எங்க மாமனாரே அங்கதான் டீச்சர் வேல பாத்தாரு. சின்ன வயசுல பழகுநரா சேந்தாராம்,” என்றார். அதற்குமேல் எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. கட்டுரையின்மேல் நான் எழுதிய சிவப்பு வரியை அன்று மாலையே அழித்துவிட்டு, தாத்தாவிடம் அவருடைய வேலையைப் பற்றிக் கேட்டு இன்னொரு பத்தி எழுதி வருமாறு மாணவனிடம் சொல்லியனுப்பினேன்.

மறுவாரம் பள்ளி வாயிலில் அப்பெரியவரையே கண்டேன். பேரனை அழைத்துச் செல்ல வந்திருந்தார். ஸ்டார் வார்ஸ் படம் எதையும் அவர் பார்த்ததில்லை. கைப்பேசியில் இருந்த பெம்புரோக் கொட்டகைப் படத்தைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை உயர்த்திக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கி, நெடுநேரம் உற்றுப் பார்த்தார்.

“உள்ள சட்டம் மட்டுந்தான் இரும்பு டீச்சர். மேல பூராவும் பலகை. நல்லா இழைச்சிருக்கான்,” என்றார்.

பேரனுக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.