வழிபாடும் மகிழ்ச்சியும்: ஜெபல் அலி எழுப்பும் கேள்வி

துபாயின் பழைய நகரப் பகுதியில் இருந்து 30 கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவில் இருக்கும் ஜெபல் அலி, துறைமுகத்துக்காகவே உலகெங்கும் அறியப்பட்டது. 1979ல் திறக்கப்பட்ட அந்தத் துறைமுகத்தையும், 1985ல் உருவாக்கப்பட்ட தடையற்ற வர்த்தக வலயத்தையும் நம்பி, பெருந்தொகையான வெளிநாட்டுத் தொழிலாளர்கள் அங்குள்ள முகாம்களில் வாழ்கின்றனர்.

அதே ஜெபல் அலியில்தான் பல கிறிஸ்தவப் பிரிவுகளின் தேவாலயங்களும், 2012ல் திறக்கப்பட்ட குருநானக் தர்பார் குருத்வாராவும், 2022 அக்டோபரில் திறக்கப்பட்ட இந்துக் கோயிலும் அருகருகே அமைந்துள்ளன. மத நம்பிக்கை மனிதரை மகிழ்ச்சியாக வைத்திருக்கிறதா என்ற பழைய கேள்வியை எழுப்ப, குடும்பத்தைப் பிரிந்தவர்கள் நிறைந்த இந்த இடத்தைவிடப் பொருத்தமான இடம் அதிகம் இருக்க முடியாது.

நம்பிக்கையா, நட்பா?

பிரெஞ்சு சமூகவியலாளர் எமில் துர்கைம் 1897ல் வெளியிட்ட நூலில், கத்தோலிக்கர்களிடையே தற்கொலை புராட்டஸ்டண்டுகளைவிடக் குறைவு என்று வாதிட்டார். இரு பிரிவுகளுமே தற்கொலையைக் கண்டிப்பவை. ஆகவே காரணம் கோட்பாட்டில் இல்லை, சமூகப் பிணைப்பில் இருக்கிறது என்பது அவரது முடிவு. அவர் பயன்படுத்திய புள்ளிவிவரங்கள் பின்னர் கடும் விமர்சனத்துக்கு உள்ளாகின. ஆனால் அவர் எழுப்பிய கேள்வி நிலைத்துவிட்டது.

அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2019ல் வெளியிட்ட அறிக்கையின்படி, அந்நாட்டில் வழிபாட்டில் தவறாமல் பங்கேற்பவர்களில் 36 சதவீதத்தினர் மிகவும் மகிழ்ச்சியாக இருப்பதாகக் கூறினர். மதத்தைச் சேர்ந்திருந்தும் அவ்வாறு பங்கேற்காதவர்களில் இந்த அளவு 25 சதவீதம். எந்த மதத்தையும் சேராதவர்களிடமும் அதே 25 சதவீதம்தான். அதாவது, மதத்தின் பெயரை மட்டும் தாங்கியிருப்பதால் பெரிய பயன் எதுவும் தென்படவில்லை.

சையூன் லிம், ராபர்ட் புட்னம் ஆகியோர் 2010ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே சென்றது. வாரந்தோறும் வழிபாட்டுக்குச் சென்று, அங்கே மூன்று முதல் ஐந்து நெருங்கிய நண்பர்களையும் கொண்டவர்களில் 33 சதவீதத்தினர் வாழ்க்கையில் மிகுந்த நிறைவு இருப்பதாகக் கூறினர். வாரந்தோறும் சென்றும் அங்கே நெருங்கிய நண்பர் எவரும் இல்லாதவர்களில் அப்படிக் கூறியவர்கள் 19 சதவீதம் மட்டுமே.

மகிழ்ச்சியான மனநிலை உள்ளவர்களே கூட்டத்தை நாடிச் செல்கிறார்கள் என்று இதைத் திருப்பியும் வாதிடலாம். அந்த ஐயத்தை இத்தகைய ஆய்வுகள் முற்றாக நீக்கிவிடவில்லை. எனினும் எட் டீனர் உள்ளிட்ட உளவியலாளர்கள் 2011ல் பல நாடுகளின் தகவல்களை ஒப்பிட்டு, வாழ்க்கை கடினமாக உள்ள சமூகங்களில்தான் மதப்பற்று மனநிறைவுடன் கூடுதலாகத் தொடர்புபடுகிறது என்று கண்டறிந்தனர்.

வளைகுடா இந்த வகைப்பாட்டுக்குள் எளிதில் அடங்குவதில்லை. நாடு வளமானது, அங்கே உழைப்பவரின் வாழ்க்கை பல நேரம் அப்படி இல்லை.

அறைக்குள் அடங்காதது

ஐக்கிய அரபு எமிரேட்ஸில் குடும்பத்தை அழைத்து வர மாதம் 4,000 திர்ஹம் சம்பளமோ, தங்குமிடத்துடன் 3,000 திர்ஹம் சம்பளமோ தேவை. பெரும்பாலான முகாம் தொழிலாளர்களுக்கு அது எட்டாத தொகை.

கட்டிலின் தலைமாட்டில் ஒட்டிய முருகன் படத்தின் முன்னோ, வேளாங்கண்ணி மாதா படத்தின் முன்னோ ஒருவர் தனியாகவே வேண்டிக்கொள்ள முடியும். ஆனால் ஊர்க்காரரைச் சந்திப்பதும், வேறு வேலை பற்றி விசாரிப்பதும், சக தொழிலாளி இறந்துவிட்டால் உடலை ஊருக்கு அனுப்ப ஆள் திரட்டுவதும் அறைக்குள் நடக்கிற காரியங்கள் அல்ல. குருத்வாராவின் லங்கரில் எந்த மதத்தவரும் அமர்ந்து உண்ணலாம். ரமலான் மாதத்தில் துபாயின் தேரா பகுதியில் தமிழ் முஸ்லிம் அமைப்பினர் வழங்கும் நோன்புக் கஞ்சிக்கு வரிசையில் நிற்பவர், பசிக்காக மட்டும் அங்கே வருவதில்லை.

தூரமும் ஓய்வு நாளும்

எமிரேட்ஸ் அரசு 2016 பிப்ரவரியில் மகிழ்ச்சிக்கென ஓர் இணையமைச்சரையும், சகிப்புத்தன்மைக்கென ஓர் இணையமைச்சரையும் ஒரே நேரத்தில் நியமித்தது. ஜெபல் அலி கோயிலைத் திறந்து வைத்தவர் சகிப்புத்தன்மைத் துறை அமைச்சர் ஷேக் நஹ்யான் பின் முபாரக். முஸ்லிம் அல்லாதோருக்குப் பொது வழிபாட்டுத் தலங்களே இல்லாத சவுதி அரேபியாவுடன் ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகத் தெரியும்.

இருந்தாலும் தலம் இருப்பதும், அதைச் சென்றடைய முடிவதும் வெவ்வேறு விஷயங்கள். 1950களில் இருந்து புர் துபாயில் கடைத்தெருவுக்கு நடுவே இயங்கிவந்த சிவன் கோயில், 2024 ஜனவரியில் ஜெபல் அலிக்கு மாற்றப்பட்டது. ஜெபல் அலி முகாம்களில் இருப்போருக்கு அது நெருங்கி வந்தது. வேலை முடிந்து நடந்தே சென்று கும்பிட்டுவந்த புர் துபாய்வாசிகளுக்கும், தொழிலாளர்கள் சோனாப்பூர் என்று அழைக்கும் முஹைஸ்னா முகாம்களில் இருப்போருக்கும் அது நெடுந்தூரப் பயணம்.

வாரத்தில் குறைந்தது ஒரு நாள் ஓய்வு அளிக்க வேண்டும் என்பது 2022 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள தொழிலாளர் சட்டத்தின் விதி. அந்த நாளில் வேலை வாங்கினால் மாற்று ஓய்வு நாளோ, அன்றைய சம்பளத்துடன் 50 சதவீதம் கூடுதல் தொகையோ தரப்பட வேண்டும். முகவருக்குக் கட்டிய பணத்தின் வட்டி ஊரில் ஏறிக்கொண்டிருக்கும் ஒருவர், அந்தக் கூடுதல் தொகையா, பேருந்துக் கட்டணம் கொடுத்துக் கோயிலுக்குப் போவதா என்பதை வாரந்தோறும் கணக்கிட வேண்டியிருக்கிறது.