ஐந்தாம் வகுப்புப் பரீட்சையில் காப்பி அடிப்பது யார்?

எபிசோடைக் கேட்க நேரம் இல்லை, படிச்சுக்கிறோம்னு சொல்றவங்களுக்காக, வழக்கம்போல பேச்சைக் கொஞ்சம் சுருக்கி, திருத்தி இங்கே தந்திருக்கிறேன்.

இன்றைக்கு ஒரு சின்ன வார்த்தையிலிருந்து ஆரம்பிக்கலாம். ஸ்டாண்டர்ட். "பையன் எந்த ஸ்டாண்டர்ட்?" "ஃபிஃப்த் ஸ்டாண்டர்ட்." முடிச்சூர் ரோட்டில் ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்தால் பத்து நிமிஷத்துக்குள் இந்தக் கேள்வி காதில் விழும். வகுப்புக்கு ஏன் ஸ்டாண்டர்ட் என்று பெயர்? ஸ்டாண்டர்ட் என்றால் தர அளவு. ஒரு பிள்ளை உட்காரும் அறைக்கு எப்படி அந்தப் பெயர் வந்தது?

பதில், 1862-ல் இங்கிலாந்தில் இருக்கு.

ஒரு பிள்ளைக்கு இவ்வளவு ஷில்லிங்

அப்போது அங்கே அரசு, தொடக்கப் பள்ளிகளுக்கு உதவித்தொகை கொடுத்துக்கொண்டிருந்தது. செலவு ஏறிக்கொண்டே போனது. கொடுக்கிற காசுக்குப் பிள்ளைகள் எதையாவது கற்கிறார்களா என்று கேள்வி வந்தது. கல்வித் துறையைக் கவனித்த ராபர்ட் லோ என்ற அரசியல்வாதி, 'திருத்திய விதித்தொகுப்பு' என்று ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் ஆறு படிநிலைகள். ஒவ்வொன்றுக்கும் பெயர் ஸ்டாண்டர்ட். முதல் ஸ்டாண்டர்டில் பிள்ளைக்கு இவ்வளவு வாசிக்கத் தெரியணும், இவ்வளவு எழுதத் தெரியணும், இவ்வளவு கணக்கு தெரியணும். இப்படியே ஆறு வரைக்கும்.

வருஷத்துக்கு ஒரு முறை இன்ஸ்பெக்டர் வருவார். ஒவ்வொரு பிள்ளையையும் சோதிப்பார். பிள்ளை ஒழுங்காகப் பள்ளிக்கு வந்திருந்தால் பள்ளிக்கு 4 ஷில்லிங். தேர்வுக்கு 8 ஷில்லிங். வாசிப்பு, எழுத்து, கணக்கு என்ற மூன்றில் எதில் தோற்றாலும் அந்த எட்டில் மூன்றில் ஒரு பங்கு போச்சு. பெயரே 'விளைவுக்கு ஏற்ற ஊதியம்'.

நம்ம ஆபீஸ் பாஷையில் சொன்னால், இது கேபிஐ. அப்ரைசல். ஆனால் அப்ரைசல் வாத்தியாருக்கு, பரீட்சை எழுதுவது ஏழு வயசுக் குழந்தை.

என்ன நடந்திருக்கும்னு யூகிச்சிருப்பீங்க. வாசிப்புப் புத்தகத்தை முழுக்க மனப்பாடம் செய்ய வைத்தார்கள். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பிள்ளை கடகடவென்று 'வாசித்த' கதைகள் அந்தக் காலத்திலிருந்தே உலவுகின்றன. வரலாறு, புவியியல் எல்லாம் பின்னால் போனது. அதற்குத்தான் ஷில்லிங் இல்லையே. கவிஞர் மாத்யூ அர்னால்ட் அப்போது பள்ளி இன்ஸ்பெக்டராக வேலை பார்த்தார். இந்த முறையை அவரே கடுமையாக எதிர்த்து எழுதினார்.

அதே முறை, மெட்ராஸ் மாகாணத்தில்

நம்ம ஊரில் இதற்கு முன்னால் இருந்தது திண்ணைப் பள்ளிக்கூடம். 1822-ல் தாமஸ் மன்றோ எடுக்கச் சொன்ன கணக்கின்படி, மெட்ராஸ் மாகாணத்தில் 12,498 பள்ளிகள், சுமார் 1,88,000 மாணவர்கள். மணலில் எழுத்து, ஓலையில் எண்சுவடி, நினைவில் வாய்ப்பாடு. அதை நான் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. அந்தக் கணக்கிலேயே பெண் பிள்ளைகள் மிகக் குறைவு. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குத் திண்ணையில் இடமே கிடையாது. ஆனால் ஒரு விஷயம் கவனிங்க. அங்கே வாத்தியாருக்குக் கூலி கொடுத்தது ஊர். பிள்ளைக்குக் கணக்கு வருதா இல்லையா என்பது கடைத்தெருவில் தெரிந்துவிடும். தனியாக ஒருத்தர் வெளியிலிருந்து வந்து சான்று தரத் தேவை இருக்கவில்லை.

1860களில் இங்கிலாந்து முறை இங்கே இறங்கியது. திண்ணைப் பள்ளியும் அரசின் உதவித்தொகையை வாங்கலாம். ஆனால் இன்ஸ்பெக்டர் வந்து சோதித்து, தேறிய தலைகளை எண்ணி, அதற்கேற்ற தொகை. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. மாட்டு வண்டியில் ஒரு அதிகாரி வருகிறார். முன்னே பின்னே பார்த்திராத ஆள். அந்த ஒரு நாளில் பிள்ளை வாய் திறக்காவிட்டால் வாத்தியார் வீட்டில் அடுப்பு எரிவது சந்தேகம். அந்த வாத்தியாரிடம் நேர்மையை எதிர்பார்ப்பதற்கு முன்னால், அவரை எந்த இடத்தில் நிறுத்தியிருக்கிறோம் என்று பார்க்கணும் இல்லையா?

1904-ல் கர்சன் காலத்துக் கல்வித் தீர்மானம் இந்த முறையைக் கைவிடச் சொன்னது. இங்கிலாந்தில் அதற்கு முன்பே, 1890களில், அது முடிந்துவிட்டது. முறை போனது; ஸ்டாண்டர்ட் என்ற பெயர் மட்டும் நம்ம வாயில் தங்கிவிட்டது.

தாக்குபவர் யார்?

நான் வேலையில் செக்யூரிட்டி ரிவ்யூ செய்யும்போது முதல் கேள்வி இதுதான்: இந்த சிஸ்டத்தை உடைப்பதால் யாருக்கு லாபம்? கதவுக்குப் பூட்டு போடும் முன்னால், திருடன் உள்ளே இருக்கிறானா வெளியே இருக்கிறானா என்று தெரியணும்.

காலேஜ் தேர்வில் லாபம் மாணவருக்கு. அதனால் பிட் பேப்பர், புளூடூத், பறக்கும் படை. ஆனால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த மார்க்கால் என்ன கிடைக்கும்? பெரும்பாலும் ஒன்றும் இல்லை. லாபமும் நஷ்டமும் பெரியவர்களுக்கு. பள்ளிக்கு, மாவட்டத்துக்கு, டியூஷன் சென்டருக்கு, பெற்றோருக்கு. அப்போ பூட்டு போட வேண்டிய இடமே வேறு.

அமெரிக்காவின் அட்லாண்டா நகரத்தில் நடந்தது இதுக்கு நல்ல உதாரணம். அங்கே மாநிலத் தேர்வு மதிப்பெண்ணை வைத்துப் பள்ளிகளுக்கு நெருக்கடி, பரிசு எல்லாம் இருந்தது. சில பள்ளிகளின் விடைத்தாளில் தவறான விடையை அழித்துச் சரியானதைக் குறித்த தடயங்கள், இயல்புக்கு மீறி அதிகமாக இருந்தன. மாநில அரசு விசாரித்து 2011-ல் அறிக்கை தந்தது. விசாரித்த 56 பள்ளிகளில் 44-ல் முறைகேடு. 178 ஆசிரியர்கள், தலைமை ஆசிரியர்கள் பெயர் அதில் வந்தது. 2015-ல் 11 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு. ரப்பரை எடுத்தது குழந்தைகள் இல்லை.

இங்கேயும் அதே கதைதான், சத்தம் குறைவு. பொருளாதார அறிஞர் அபிஜித் சிங் மத்தியப் பிரதேசத்தில் அரசு நடத்திய பள்ளித் தேர்வுகளை ஆய்வு செய்தார். அதே பிள்ளைகளிடம் அதே கேள்விகளைத் தனியாகக் கேட்டுப் பார்த்தபோது, அரசுப் பதிவில் இருந்த மதிப்பெண் உண்மையைவிட அதிகம் என்று தெரிந்தது. அதுவும் படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளின் மதிப்பெண்தான் அதிகமாக ஏற்றப்பட்டிருந்தது. ஆந்திராவில் நடந்த இன்னொரு சோதனையில், ஆசிரியர் மேற்பார்வையில் நடந்த காகிதத் தேர்வு மதிப்பெண் ஊதிப்போயிருந்தது. வெளியாள் மேற்பார்வையில் டேப்லெட்டில் நடந்த தேர்வு உண்மைக்கு நெருக்கமாக இருந்தது.

இதில் யாருக்கு நஷ்டம்னு பாருங்க. வாசிக்கத் தெரியாத பிள்ளை, காகிதத்தில் தேறிவிட்டது. உதவி தேவைப்படுகிற பிள்ளை யார் என்ற தகவலே அழிந்துபோச்சு. ஆஸ்பத்திரியில் காய்ச்சலைக் குறைத்து எழுதிவிட்டு மாத்திரை கொடுக்காமல் வீட்டுக்கு அனுப்புற மாதிரி.

இலங்கை: மூன்று கேள்விகள்

சரி, பிள்ளைக்கே பெரிய லாபம் இருக்கிற தேர்வு என்றால்? கடல் தாண்டினால் இலங்கையில் இருக்கு. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை. 1940களில் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்தபோது, இலவசக் கல்வியோடு சேர்ந்து பிறந்த யோசனை. கிராமத்து ஏழைப் பிள்ளையும் நல்ல மத்திய கல்லூரிக்குப் போகணும் என்பதுதான் நோக்கம். சிங்களத்திலும் தமிழிலும் எழுதலாம். இன்றைக்கு அது பத்து வயசுப் பிள்ளைகளின் பெரும் போட்டியாக, டியூஷன் வகுப்புகளின் பெரும் சந்தையாக ஆகிவிட்டது.

2024 செப்டம்பர் 15 அன்று 3 லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் எழுதினார்கள். முன்கூட்டியே கேள்விகள் கசிந்துவிட்டதாகப் புகார் கிளம்பியது. பெற்றோர் தெருவில் இறங்கினார்கள். விஷயம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. டிசம்பர் 31 அன்று தீர்ப்பு: பிள்ளைகளின் அடிப்படை உரிமை மீறப்பட்டிருக்கிறது, மறுதேர்வு வேண்டாம், கசிந்த மூன்று கேள்விகளுக்கு எல்லோருக்கும் முழு மதிப்பெண்.

வேறு வழி இருந்ததா? மறுதேர்வு வைத்தால் 3 லட்சம் குழந்தைகள் மறுபடியும் அந்த வதையை அனுபவிக்கணும். வைக்காவிட்டால், அந்த மூன்றையும் நேர்மையாக யோசித்து எழுதிய பிள்ளையின் உழைப்புக்கு மதிப்பில்லை. ஒரு தடவை கசிந்துவிட்டால், நியாயமான தீர்வு என்று ஒன்று மிச்சம் இருப்பதில்லை. குறைந்த அநியாயம் எது என்றுதான் தேடணும். அந்தத் தீர்ப்பு அதைத்தான் செய்தது என்று நினைக்கிறேன்.

2020: நடக்காத நம்ம தேர்வு

இப்போ நம்ம ஊர். நம்ம தாத்தா தலைமுறையில் எட்டாம் வகுப்பு முடிவில் இ.எஸ்.எல்.சி. என்று ஒரு அரசுத் தேர்வு இருந்தது. பிறகு கல்வி உரிமைச் சட்டம், 2009, எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைக்கக்கூடாது என்றது. 2019-ல் அதைத் திருத்தி, ஐந்திலும் எட்டிலும் தேர்வு வைத்து நிறுத்தலாம் என்று மாநிலங்களுக்கு அனுமதி கொடுத்தார்கள். அந்த வருஷம் செப்டம்பரில் தமிழ்நாடு அரசு, ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு என்று ஆணை போட்டது. முதல் மூன்று வருஷம் யாரையும் ஃபெயில் ஆக்க மாட்டோம் என்ற உறுதியோடு.

அந்த சில மாசங்களில் வந்த விவாதங்களில் எனக்கு மறக்க முடியாதது தேர்வு மையம் பற்றியது. சொந்தப் பள்ளியிலா, வேறு பள்ளியிலா? பாதுகாப்பு என்று பார்த்தால் வேறு பள்ளிதான் சரி. சொந்த வாத்தியார் பக்கத்தில் இருக்க மாட்டார். ஆனால் பத்து வயசுப் பிள்ளை, பழக்கமில்லாத கட்டடத்தில், தெரியாத முகங்களுக்கு நடுவில் உட்காரணும். பாத்ரூம் எங்கே என்று கேட்கக்கூட பயம். அந்தப் பயத்தில் விட்ட மார்க், கணக்கு தெரியாததால் விட்ட மார்க் இல்லையே! கடைசியில் சொந்தப் பள்ளியிலேயே எழுதலாம் என்று அமைச்சர் செங்கோட்டையன் சொன்னார். 2020 பிப்ரவரி 4 அன்று தேர்வே ரத்து. அடுத்த மாசம் ஊரடங்கு.

இன்னொரு நியாயமும் இருக்கு. எங்க முடிச்சூர், தாம்பரம் பக்கம் கட்டட வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் அரசுப் பள்ளிகளில் படிக்கிறார்கள். வீட்டில் ஒடியா, இந்தி, தெலுங்கு. "ஒரு கூடையில் 48 மாம்பழங்கள், அதில் கால் பங்கு அழுகிவிட்டது" என்று தமிழில் கேட்டால், பன்னிரண்டு என்று சொல்லத் தெரிந்த பிள்ளைகூட, 'கால் பங்கு' புரியாமல் திகைக்கும். கேள்வித்தாள் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் ஒரு பிள்ளைக்கு அது கணக்குத் தேர்வு, இன்னொரு பிள்ளைக்கு அது தமிழ்த் தேர்வு. கேள்வியை வாசித்துக் காட்டலாமா, கூடாதா? தமிழ்ப் பாடத்தில் கூடாது, கணக்கில் கூடும் என்று முன்கூட்டியே எழுதி வைத்து, எல்லா அறையிலும் ஒரே மாதிரி செய்தால்தான் அது நியாயம். அறைக்கு அறை மேற்பார்வையாளரின் மனசைப் பொறுத்து மாறினால், அதுவும் ஒரு வகைக் கசிவுதான்.

அப்போ அளக்கவே வேண்டாமா?

வேணும். அளக்காமல் விட்டால் பின்தங்கிய பிள்ளை கண்ணுக்கே தெரியாது. பந்தயத்தைக் குறைத்துவிட்டு அளக்கணும், அவ்வளவுதான்.

2005-லிருந்து பிரதம் அமைப்பு நடத்தும் அசர் ஆய்வைப் பாருங்க. கிராமத்தில் வீட்டுக்கே போய், பிள்ளையோடு உட்கார்ந்து, ஒரு தாளைக் காட்டுவார்கள். எழுத்து, வார்த்தை, சின்னப் பத்தி, ஒரு கதை. எங்கே நிற்கிறதோ அதுதான் நிலை. பிள்ளைக்கு மார்க் கிடையாது, பள்ளிக்கு ரேங்க் கிடையாது. ஏமாற்ற யாருக்கும் காரணம் இல்லை, அதனால் பூட்டும் வேண்டாம். வகுப்பறைக்குள் வாத்தியார் பிள்ளையைத் தெரிந்துகொள்ள ஒரு சோதனை. மாநிலம் தன்னைத் தெரிந்துகொள்ள மாதிரிக்குச் சில பள்ளிகளில் வெளியாளை வைத்து ஒரு சோதனை. இந்த இரண்டையும் ஒன்றாக்கி, அதன்மேல் பரிசையும் தண்டனையையும் ஏற்றும்போதுதான் 1862 திரும்பி வருகிறது.

2024 டிசம்பரில் மத்திய அரசு விதிகளை மாற்றியது. அதன் கீழ் வரும் பள்ளிகளில் ஐந்திலும் எட்டிலும் நிறுத்தி வைக்கலாம். தமிழ்நாடு அதைப் பின்பற்றாது என்று அமைச்சர் அன்பில் மகேஸ் சொல்லிவிட்டார். இந்த விவாதம் மறுபடி வரும். வரும்போது, தேர்வு வேணுமா வேண்டாமா என்பதோடு நிற்காதீங்க. இந்த மார்க்கால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று கேளுங்க. 

வீட்டில் எழுபது வயசு தாண்டினவங்க இருந்தால், இ.எஸ்.எல்.சி. எழுதின கதையைக் கேட்டு, வாய்ஸ் நோட்டாக அனுப்புங்க. நல்லதா நாலு வந்தால் அடுத்த எபிசோடில் அவங்க குரலிலேயே போடுறேன். சந்திப்போம்.